செவ்வாய்க்கிழமை ஆபரேஷனில் கேமரா பிடித்தவள்

ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்குப் பெயரே "கேமரா"தான். "கேமரா வந்தாச்சா?" "கேமரா, கொஞ்சம் மேல போ." "என்ன, கேமரா தூங்குது போல இருக்கே!" மூன்று வருடமாக இதே பாட்டு. பயிற்சி டாக்டராகச் சேர்ந்த முதல் மாதமே அறுவைப் பிரிவின் சீஃப், நுனியில் கேமரா வைத்த ஒரு நீளக் குழாயை அவள் கையில் கொடுத்தார். நோயாளியின் வயிற்றில் போட்ட துளை வழியாக அதை உள்ளே விட்டு, ஆபரேஷன் செய்கிறவர் எதைப் பார்க்க நினைக்கிறாரோ அதைத் திரையில் காட்ட வேண்டும். கை ஆடக் கூடாது, படம் சாயக் கூடாது. அவளுக்கு ஆடவும் இல்லை, சாயவும் இல்லை. அதுவே அவளுக்கு வினையாகிவிட்டது. இவ்வளவு நன்றாகப் பிடிக்கிறவளை விட்டுவிட யாருக்கு மனசு வரும்? அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் கொக்கி பிடித்து, கத்தரி பிடித்து, தையல் போட்டு மேலே மேலே போனார்கள். இவள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேட்டுக் கேட்டு வாய் வலித்து, கடைசியில் ஒரு தேதி வாங்கினாள். அடுத்த திங்கட்கிழமை ஒரு பித்தப்பை, அவளே எடுக்கலாம். ஆபரேஷன் லிஸ்டில் பெயர் ஏறிவிட்டது. ஆனால் சும்மா இல்லை. அதற்கு முன்னால் புதன்கிழமை ஒரு பரீட்சை. அதுவும் சீஃபின் புதுச் செல்லப் பிள்ளையான, திரையும் கேமராப் பெட்டிகளும் அடுக்கிய த்ரீ-டி டவரில்.

அந்த டவர் வந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். இத்தனை வருடம் எல்லோரும் தட்டையான திரையைப் பார்த்துத்தான் ஆபரேஷன் செய்தார்கள். புதுக் குழாயின் நுனியில் இரண்டு கேமரா. இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம். கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு பார்த்தால் கல்லீரல் திரையை விட்டு வெளியே வந்து நிற்குமாம். முதல் நாள் கண்ணாடியைப் போட்டவர்களெல்லாம் "ஆ!" என்று வாயைப் பிளந்தார்கள். அவளோடு படிக்கும் நெட்டை, காற்றில் கையை நீட்டிப் பார்த்தான். அவளும் போட்டாள். எப்போதும் போல ஒரு கல்லீரல், எப்போதும் போல ஒரு பித்தப்பை, கொஞ்சம் மங்கலாக. சீஃப் பக்கத்தில் நிற்கிறாரே என்று இவர்கள் ஊதிப் பெருக்குகிறார்கள் என்று நினைத்தாள். அவளும் "ஆ!" என்றாள்.

பரீட்சை வாரத்துத் திங்கட்கிழமை டவருக்கு சர்வீஸ் நடந்தது. செவ்வாய்க்கிழமை அதில் ஒரு பித்தப்பை ஆபரேஷன். நோயாளி, பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒரு பெண்மணி. சீஃப், சதையைச் சுட்டுப் பிரிக்கும் கொக்கியைப் பிடித்தார், நெட்டை எதிர்ப் பக்கம் நின்றான், சிஸ்டர் கருவிகளை எடுத்துக் கொடுத்தார், மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில் இருந்தார். எல்லோர் மூக்கிலும் கறுப்புக் கண்ணாடி. கேமரா, அவள்.

ஆரம்பத்திலிருந்தே எதுவும் சரியாக அமையவில்லை. எப்போதும் வெண்ணெயில் போவது போலப் போகும் சீஃபின் கை அன்றைக்குத் தடுமாறியது. பிடிக்கப் போன இடத்தைத் தாண்டிப் போய்ப் பிடித்தார். "படத்தை நேராப் பிடி!" என்றார். நேராகத்தான் இருந்தது. "கேமரா! கையில என்ன நடுக்கம்?" நடுக்கமே இல்லை. நெட்டை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான். முக்கால் மணி நேரம் கழித்துக் கொக்கி கல்லீரலுக்குள்ளே ஆழமாகப் போனது. திரை முழுக்க ரத்தம். குழாய்களையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு வயிற்றை நீளமாகத் திறந்துதான் அதை நிறுத்த முடிந்தது. கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் வீசும்போது சீஃப் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்:

"மூணு வருஷமாச்சு. ஒரு குழாயை ஒழுங்காப் பிடிக்கத் தெரியல. இவளுக்குத் திங்கட்கிழமை கேஸ் வேற!"

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை ஆடவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த அறையில் இருந்த ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை வார்டுக்குப் போனபோது வேன் ஓட்டும் அம்மா விழித்திருந்தார். விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கட்டு. இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமினார். அவள் கட்டைப் பார்க்கக் குனிந்ததும் அந்த அம்மா கேட்டார்:

"நீங்கதான் கேமராவை ஆட்டிட்டீங்களாமே?"

"யாரு சொன்னாங்க?"

"பெரிய டாக்டர்தான். சின்னப் பிள்ளைங்க கத்துக்கறாங்க, பொறுத்துக்கோங்கன்னார். நான் எதுக்குங்க பொறுத்துக்கணும்? உங்களுக்குக் கத்துக்க என் வயிறுதானா கிடைச்சுது?"

நான் ஆட்டவில்லை என்று சொன்னால் சாக்குப் போக்கு. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். கட்டை ஒட்டிவிட்டு வந்தாள். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். செய்யாத தப்புக்கு ஒரு நோயாளியிடம் போய்ப் பெயரைச் சொல்லி மாட்டிவிடுவார்களா? மாட்டிவிட்டிருக்கிறார்களே!

அந்த எரிச்சலோடுதான் பரீட்சைக்குப் போனாள். மூடிய பெட்டிக்குள் ரப்பர் வளையங்கள், சின்னச் சின்னக் குச்சிகள். உள்ளே பார்க்க முடியாது, திரையைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். நீளக் கிடுக்கியால் வளையத்தை எடுத்து, கை மாற்றி, குச்சியில் மாட்ட வேண்டும். பன்னிரண்டு வளையம். எண்பது வினாடிக்குள் முடித்தால் தேர்ச்சி. தட்டைத் திரையில் இதே பெட்டியில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நெட்டை மட்டும் கொஞ்சம் கிட்டே வருவான்.

நெட்டை முதலில் போனான். எடுத்த வளையத்தைக் குச்சிக்கு முன்னாலேயே விட்டான். மறுபடி எடுத்தான், மறுபடி விட்டான். இரண்டரை நிமிடம் ஆனது. அடுத்தவள் நாலு வளையத்தோடு கையை விரித்துவிட்டாள். மூன்றாவது ஆளுக்குக் குமட்டலே வந்துவிட்டது. சீஃப், "முதல்ல கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், பழகணும்" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னார்.

அவள் போனாள். அறுபத்து நாலு வினாடி. ஒரு வளையம்கூடக் கீழே விழவில்லை.

யாரோ கை தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து, டவரைப் பராமரிக்கும் டெக்னீஷியன் உள்ளே வந்தார். என்ன இத்தனை பேருக்குக் குமட்டுகிறது என்று ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்தார். இரண்டே வினாடி.

"அட, இடது வலது மாறிக் கிடக்கே!"

டவருக்குப் பின்னால் போய்க் குனிந்தார். நீல உறை போட்ட கேபிள் மஞ்சள் ஓட்டையில், மஞ்சள் கேபிள் நீல ஓட்டையில். "திங்கட்கிழமை சர்வீஸுக்கு வந்தவங்க மாத்திச் சொருகிட்டுப் போயிட்டாங்க சார். இந்தக் கண்ணுக்குப் போக வேண்டியது அந்தக் கண்ணுக்குப் போகுது. கிட்ட இருக்கறது தூரமாத் தெரியும், தூரத்துல இருக்கறது கிட்டத் தெரியும். இதை வச்சுக்கிட்டு எப்படி வேலை செஞ்சீங்க?"

அவள் மனதுக்குள் ஒரு நிமிடம் கும்மாளம்தான். திங்கட்கிழமையிலிருந்து மாறியிருக்கிறது! அப்படியென்றால் செவ்வாய்க்கிழமையும் மாறித்தான் இருந்தது. கொக்கி ஆழத்தில் போனதற்கு அவள் கை காரணமில்லை. சீஃபைத் திரும்பிப் பார்த்தாள். சீஃப் டவரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கணக்குப் போடுகிறவர் மாதிரி.

"இந்தப் பரீட்சை செல்லாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வியாழக்கிழமை காலை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் கண் பிரிவிலிருந்து வாங்கி வந்த ஒரு மடிப்பு அட்டை. விரித்தால் ஒரு பெரிய ஈயின் படம். ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தார்.

"போட்டுக்கோ. ஈயோட இறக்கையை ரெண்டு விரலால பிடி."

பிடித்தாள். விரல் அட்டையில் பட்டது.

சீஃப் சிரித்தார். "நேத்து நெட்டையைப் பிடிக்கச் சொன்னேன். அட்டைக்கு மேல ரெண்டு மூணு விரல் உயரத்துல, வெறும் காத்துல பிடிச்சான். அவனுக்கு அங்கதான் தெரியுது. உனக்குத் தெரியல, ஏன்னா உன் ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கறதே இல்ல. எல்லாரும் தடுமாறின படத்துல நீ மட்டும் எப்படி அறுபத்து நாலு வினாடில முடிச்சேன்னு யோசிச்சேன். ராத்திரி பூரா தூக்கம் வரல. சின்ன வயசுல மாறுகண் இருந்துதா?"

இருந்தது. ஆறு வயதில் ஆபரேஷன் செய்து நேராக்கினார்கள். அதோடு முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மூன்று வருடமாக ஒருவரும் கவனிக்காத திறமையை முதல் தடவையாகக் காட்டினாள், அதுவே அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டது!

"பயப்படாதே" என்று சீஃப் குரலைத் தாழ்த்தினார். அந்தக் கனிவுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. "இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். நாளைக்குக் கூட்டத்துல செவ்வாய்க்கிழமை கேஸ் வரும். 'கேமரா சரியாகப் பிடிக்கப்படவில்லை'ன்னு ஒரு வரி. பயிற்சி டாக்டர்னா இதெல்லாம் சகஜம், யாரும் உன் தலையை வாங்கப் போறதில்ல. கேபிள் விஷயம் பரீட்சையோட முடிஞ்சுது. திங்கட்கிழமை உன் கேஸ் உனக்கு."

"கேபிளைப் பத்திச் சொன்னா?"

"அப்போ எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பாங்க. உன் அறுபத்து நாலு வினாடியைச் சொல்லணும். உன் கண்ணைச் சொல்லணும். அதுக்கப்புறம் உன் கையில யாரு கொக்கியைக் குடுப்பா?"

"சார், இருபது வருஷம் நீங்க தட்டைத் திரையைப் பார்த்துத்தானே பண்ணீங்க? அப்போ உங்களுக்கும் இப்படித்தானே தெரிஞ்சுது?"

"அது வேற" என்றார் சீஃப். கதவைக் காட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைத் தூக்கி எறிந்தாள். அக்கா அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் பிரேக் போடுவதற்குள் தன் பிரேக்கைப் போட்டுப் போட்டுப் பொறுமை என்பதே வற்றிப்போனவள். நடந்ததெல்லாம் கேட்டுவிட்டு, "அதான்டி!" என்றாள். "உனக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்குடுக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போயிட்டு வந்துது. பந்து எறிஞ்சா மூக்குல வாங்குவே. மாறுகண்ணுக்காக அம்மா உன் ஒரு கண்ணை மூடிப் பட்டை ஒட்டி விடுவாங்க, நீ பிச்சு சுவத்துல ஒட்டுவே."

"சிரிக்காதே, சொல்லிட்டேன்."

"சிரிக்கல. சரி, அந்த ஆள் சொல்றதைக் கேட்டுக்கோ. ஒரு வரிதானே? எழுதிக்கட்டும். திங்கட்கிழமை பண்ணு, கையெழுத்து வாங்கு, அப்புறமா அவர் மூஞ்சில எறி."

அவளுக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. உண்மையைச் சொன்னால், காலையிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அதை நினைக்கிற தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதோடு இன்னொரு பயமும் இருந்தது. ஒருவேளை சீஃப் சொல்வது சரியோ? தன் கையில் கொக்கி இருக்கக் கூடாதோ? மூன்று வருடத்தில் பெட்டியில் மாட்டிய ஆயிரக்கணக்கான வளையங்கள் இல்லை என்றன. நிழலைப் பார்த்து, கருவியின் அளவைப் பார்த்து, எது எதை மறைக்கிறது என்று பார்த்து அவள் தூரத்தைக் கண்டுபிடித்தாள். வேறு வழியே தெரியாததால் அந்த வழியில் அவள் புலி. ஆனால் அதை அவளே சொல்லிக்கொண்டால் போதுமா?

"அந்த வேன் ஓட்டற அம்மா..." என்று ஆரம்பித்தாள்.

"வேனா?" அக்கா திரும்பினாள். "துளை போட்டுப் பண்ணியிருந்தா எத்தனை நாள்ல ஸ்டியரிங் பிடிக்கலாம்?"

"பத்து நாள்."

"இப்போ?"

"ஆறு வாரம். எட்டும் ஆகலாம்."

அக்கா டீயை வடிகட்டினாள். பிறகு, "நான் சொன்னதை விடு" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டம் ஒரு சின்ன ஹாலில். எந்த கேஸில் என்ன தப்பாகப் போனது என்று மாதம் ஒரு தடவை பேசுவார்கள். தலைமை, மருத்துவமனை டைரக்டரம்மா. சீஃப் எழுந்து திரையில் போட்டுக் காட்டினார். வயது, நோய், ரத்தப் போக்கு, வயிற்றைத் திறந்த நேரம். கடைசி வரி: காரணம், கேமரா கையாண்டதில் குறை.

"கேமரா பிடிச்சது யாரு?" என்று டைரக்டரம்மா கேட்டார்.

"நான்தான் மேடம்" என்று எழுந்தாள். "குறை கேமராவுல இல்ல. டவர்ல இடது வலது கேபிள் மாறியிருந்துது. திங்கட்கிழமை சர்வீஸ்ல மாறினது. புதன்கிழமை பரீட்சையிலதான் கண்டுபிடிச்சாங்க. நடுவுல செவ்வாய்க்கிழமை அந்தம்மாவோட வயித்துல அதே டவரை வச்சுத்தான் பண்ணினோம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கருவியைத் துணியில தொட்டுப் பார்த்துப் படம் சரியான்னு பார்க்கணும். பார்க்கல."

சீஃபின் முகம் சிவந்தது. "மேடம், இவங்களுக்கு ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்க்காது. த்ரீ-டி படமே தெரியாது. அதை மறைச்சுட்டு என் தியேட்டர்ல நின்னிருக்காங்க. அந்தப் படத்தைப் பத்திப் பேச இவங்களுக்கு என்ன தகுதி?"

ஹால் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. நெட்டை வாயைத் திறந்தபடி பார்த்தான்.

"உண்மைதான்" என்றாள் அவள். "எனக்கே நேத்துத்தான் தெரியும். படம் தப்புன்னு கண்டுபிடிக்க எனக்குத் தகுதி இல்ல. தகுதி இருக்கறவங்க நாலு பேர் அந்த ரூம்ல இருந்தாங்க. அவங்களைக் கேக்கறேன். செவ்வாய்க்கிழமை படம் சரியில்லன்னு உங்கள்ல யாருக்குத் தெரிஞ்சுது?"

யாரும் அசையவில்லை. அவளுக்கு வந்த கோபத்தில், "கையைத் தூக்குங்க!" என்று கத்திவிட்டாள். டைரக்டரம்மா இருக்கிறார் என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

சிஸ்டர்தான் முதலில் தூக்கினார். தலையைக் குனிந்துகொண்டு, "கருவியை நீட்டும்போதெல்லாம் என்னவோ மாதிரி இருந்துது. சீஃப் ஒண்ணும் சொல்லலையேன்னு விட்டுட்டேன்" என்றார். அப்புறம் நெட்டை. "பித்தப்பை குழிக்குள்ள கிடக்கற மாதிரி தெரிஞ்சுது. சொன்னா எனக்குத்தான் பழக்கம் பத்தலன்னு சொல்லுவாங்கன்னு..." மயக்க மருந்து டாக்டர் கையைத் தூக்கவில்லை, தொண்டையைச் செருமினார்.

"சீஃபே தலைவலின்னு என்கிட்ட மாத்திரை கேட்டார். பாதி ஆபரேஷன்ல. மாஸ்க்கைத் தூக்கி நான்தான் வாயில போட்டேன். எனக்கும் வலிச்சுது, நானும் ஒண்ணு போட்டுக்கிட்டேன்."

சீஃப் உட்கார்ந்துவிட்டார்.

டைரக்டரம்மா சுருக்கமாக முடித்தார். டவரைப் பூட்டுங்கள். எல்லோரும் எழுதிக் கொடுங்கள். விசாரணை முடிகிற வரை சீஃபுக்கு லிஸ்ட் கிடையாது. பிறகு அவளைப் பார்த்து, "உங்களுக்கும் கிடையாதும்மா. திங்கட்கிழமை கேஸை வேற யாராவது பண்ணட்டும். உங்க கண்ணைப் பத்தி வெளியிலிருந்து ஒருத்தர் பார்த்துச் சொல்லட்டும்" என்றார். மூன்று வருடம் காத்திருந்து வாங்கிய தேதி, மூன்று வாக்கியத்தில் போய்விட்டது. தட்டைத் திரையில் தன்னைப் பரீட்சை செய்யுங்கள் என்று அவள் கேட்டாள். அதையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

நேராக வார்டுக்குப் போனாள். வேன் ஓட்டும் அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கேபிள், கண்ணாடி, கொக்கி, கூட்டம். முடிந்ததும் அந்த அம்மா கேட்டார்:

"அப்போ எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கு?"

"நாலு பேருக்கு."

"நாலு பேரும் பார்த்துக்கிட்டே நின்னாங்களா?"

"ஆமா."

"தலைவலி மாத்திரை போட்டுக்கிட்டு?"

"ரெண்டு பேர் போட்டுக்கிட்டாங்க."

"உங்களுக்கு?"

"எனக்கு அந்தப் படம் தெரியாது. என் கண்ணு அப்படி. ஆனா..." அவள் நிறுத்தினாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். "கேபிள் மாறினது புதன்கிழமையே எனக்குத் தெரியும்."

"இன்னைக்கு வெள்ளி."

"ஆமா."

"நேத்துக் காலையிலயும் சாயங்காலமும் வந்து என் கட்டைப் பார்த்துட்டுப் போனீங்க."

"ஆமா."

அந்த அம்மா தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வலியில் முகம் சுளித்தது, குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"எனக்குப் பேப்பர் வேண்டாம், விசாரணை வேண்டாம். அந்த நாலு பேரையும் இங்க வரச் சொல்லுங்க. என் கட்டிலுக்கு முன்னாடி வந்து நின்னு, ஏன் வாயைத் திறக்கலன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லட்டும். பெரிய டாக்டரும்தான். அஞ்சாவதா நீங்க நில்லுங்க."

அவள் வார்டு மேஜைக்குப் போனாள். போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். சிஸ்டர் உடனே வருவதாகச் சொன்னார். நெட்டை என்னவோ இழுத்தான். அவன் இழுத்து முடிக்கும் முன் வைத்தாள். மயக்க மருந்து டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். சீஃபின் அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கிற வரை விடாமல் அடித்தாள். எடுத்ததும் விஷயத்தைச் சொன்னாள், சார் என்று கூப்பிடாமல். பிறகு திரும்பி வந்து, கட்டிலின் கால்மாட்டில் முதல் ஆளாகப் போய் நின்றாள்.